ரொறன்ரோ வீட்டு நிழலில் சிறிய இருநிற ஹோஸ்டா: வாங்குவது முதல் முதல் குளிர்காலம் தாண்டுவது வரை

வடக்குப் பக்கச் சுவரோரம், வேலியின் நிழல், பெரிய மரத்தடி. ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு எடுத்த பலருக்கு இந்த இடங்கள்தான் தலையிடி. புல்லும் வராது, பூவும் வராது. எந்தச் செடிக் கடையில் கேட்டாலும் "ஹோஸ்டா வையுங்கள், அது சாகாது" என்பார்கள். ஹோஸ்டா என்பது இலை அழகுக்காக வளர்க்கும் பல்லாண்டுச் செடி; குளிர்காலத்தில் இலை மடிந்து, வசந்தத்தில் மண்ணிலிருந்து மீண்டும் குருத்து விடும். பெரிய பச்சை இலை ஹோஸ்டாவைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு சரிதான். அதே நம்பிக்கையில் வெள்ளைக் கரை போட்ட குட்டி ஹோஸ்டாவை வாங்கி வந்து நட்டால், இரண்டாம் வசந்தத்தில் அங்கே வெறும் மண்தான் இருக்கும்.

காரணம் எளிது. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. உணவு சமைப்பது பச்சைப் பகுதி மட்டும். இலையே சின்னது, அதிலும் பாதி வேலை செய்யாது. வேரும் ஆழம் போகாது. ஆகவே பெரிய ஹோஸ்டா தாங்கிக்கொள்ளும் வறட்சியையும் ஈரத்தையும் இது தாங்காது. இதைச் சொல்லித்தர ஆளில்லாமல், ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் தேடிப் பொறுக்கித்தான் நான் அறிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். படிகளை இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். செடியை வாங்கிவிட்டு இடம் தேடுவதுதான் பெரும்பாலான செடிகள் சாவதற்குக் காரணம்.

1. முதலில் நிழலைப் பாருங்கள்

நிழல் எல்லாம் ஒன்றல்ல. ஏப்ரலில் வெயில் விழும் இடம், மரங்கள் இலை விட்ட பின் ஜூனில் முழு இருட்டாகிவிடும். அதனால் இடத்தை ஜூனிலோ ஜூலையிலோ பார்த்து வைப்பது நல்லது. காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி என மூன்று வேளை பாருங்கள். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டு, பதினொரு மணிக்குப் பின் நிழலாகிவிடும் இடம் இந்தச் செடிக்கு மிகப் பொருத்தம். பிற்பகல் வெயில் வேண்டவே வேண்டாம்; வெள்ளைப் பகுதி கருகி, காகிதம்போலக் காய்ந்து ஓட்டை விழும். முழு இருட்டும் உதவாது. செடி சாகாமல் இருக்கும், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே போகும்.

அடுத்தது மரத்தின் வேர். ரொறன்ரோவின் தெருக்களிலும் பின்வளவுகளிலும் நோர்வே மேப்பிள் மரங்கள் ஏராளம். அவற்றின் வேர்கள் மேல்மண்ணிலேயே பாய் விரித்ததுபோல் பின்னிக் கிடக்கும். நீங்கள் ஊற்றும் நீரையும் போடும் எருவையும் மேப்பிள்தான் முதலில் எடுக்கும். ஒரு கரண்டி மண்ணைக் கிளறிப் பாருங்கள். தும்புபோல் மெல்லிய வேர்கள் அடர்ந்து வந்தால் அந்த இடத்தில் நிலத்தில் நடாதீர்கள். எவ்வளவு பெரிய குழி தோண்டி நல்ல மண் நிரப்பினாலும் ஓரிரு ஆண்டில் வேர்கள் மீண்டும் உள்ளே வந்துவிடும். அங்கே பூச்சாடியில் வைப்பதே வழி. சாடியையும் நேரே மண்ணில் வைக்காமல் கல்லின் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் அடித் துளை வழியாகவும் வேர் ஏறும்.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. கூரைக்கு நேர் கீழே மழை படாமல் மண் வறண்டிருக்கும். பீலி நிரம்பி வழியும் இடத்திலோ நீர் கொட்டிக் குருத்து அழுகும். இரண்டையும் தவிர்த்து, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். உப்புத் தூவும் நடைபாதையோரமும் ஆகாது.

2. தோண்டுமுன் தேவையான தாள்கள்

ஒரு சிறு செடிக்குத் தாளா என்று கேட்காதீர்கள். இந்த ஒழுங்கை அறியாமல் பலர் தோண்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஒன்ராறியோவில் நிலத்தைத் தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் அமைப்புக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். சேவை இலவசம். இணையத்திலோ தொலைபேசியிலோ குறைந்தது ஐந்து வேலைநாட்களுக்கு முன்பே பதிந்துவிட வேண்டும். வசந்த காலத்தில் எல்லோரும் தோண்டுவார்கள். அதனால் இரண்டு வாரம் முன்னதாகவே பதிவது பாதுகாப்பு. நிலத்தடியில் செல்லும் இணைப்புகளை வண்ணத்தால் குறித்துவிட்டுப் போவார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசியும் கேபிளும், நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். கூடவே ஒரு வரைபடத் தாளும் கிடைக்கும். தோண்டி முடியும்வரை அதைக் கையில் வைத்திருங்கள். அதில் போட்டிருக்கும் செல்லுபடிக் காலத்தையும் பாருங்கள். பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது: மீட்டரைத் தாண்டி உங்கள் வளவுக்குள் போகும் தனிப்பட்ட இணைப்புகளை, அதாவது கராஜுக்குப் போகும் மின்கம்பி, பார்பிக்யூ அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாய் போன்றவற்றை, அவர்கள் குறிப்பதில்லை.

வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். டவுன்ஹவுஸ், கொண்டோ வகை வீடுகளில் வாசலில் இருக்கும் மண் பெரும்பாலும் பொதுச் சொத்து. நிர்வாகத்தின் பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே பெப்ரவரி, மார்ச்சிலேயே எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவுக்குப் போய்வரும்போது அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று காரில் செடியைத் தூக்கிவர எண்ணுபவர்களுக்கு: தோட்டத்தில் நடும் செடிக்கு அமெரிக்க அரசு வழங்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் எல்லையில் செடி பறிபோகும். அந்தச் சான்றிதழுக்கு ஆகும் செலவையும் நேரத்தையும் பார்த்தால் இங்கேயே வாங்குவது மேல்.

3. எந்தச் செடி

கடையில் போய் "சின்ன ஹோஸ்டா" என்று கேட்காமல் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வகைகளை மனத்தில் கொண்டால் போதும். ஒன்று, ஓரம் வெளிர் நிறமாகவும் நடு பச்சையாகவும் இருப்பது. மற்றது, நடு வெள்ளையாகவும் ஓரம் பச்சையாகவும் இருப்பது. முதல் வகையில் பொதுவாகப் பச்சைப் பரப்பு அதிகம், அது தாக்குப்பிடிக்கும். இரண்டாவது வகை பார்க்க அழகு, வளர்க்கச் சிரமம்.

முதன்முதலாக வளர்ப்பவருக்கு நான் சொல்வது மைட்டி மவுஸ் அல்லது ஃப்ரொஸ்டட் மவுஸ் இயர்ஸ். இரண்டும் புளூ மவுஸ் இயர்ஸ் என்ற நீலச்சாயல் ஹோஸ்டாவின் வழி வந்தவை. அந்தத் தாய்ச்செடி 2008இல் ஆண்டின் சிறந்த ஹோஸ்டாவாகத் தேர்வானது. இலை வட்டமாக, கைக்குத் தடிப்பாக இருக்கும். இலை தடித்திருந்தால் நத்தை எளிதில் துளைக்காது. முழுதாக வளர்ந்த பின்னும் உயரம் ஒரு சாணைத் தாண்டாது. ஹோலி மவுஸ் இயர்ஸ், பண்டோராஸ் பொக்ஸ் இரண்டும் நடு வெளிறியவை. குறிப்பாகப் பண்டோராஸ் பொக்ஸ் மிகச் சிறியது, முழுப் பச்சைக்குத் திரும்பும் பழக்கமும் உண்டு. ஓரிரு குளிர்காலத்தைத் தாண்டிய அனுபவம் வந்த பின் அவற்றை வாங்குங்கள்.

வாங்கும்போது கையிலெடுத்துப் பார்க்கவேண்டியவை மூன்று. அவற்றில் முதலாவது மிக முக்கியம்.

ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்றொரு நோய் இருக்கிறது. மருந்து கிடையாது. செடியின் சாற்றால், வெட்டும் கத்தியால் பரவும். இருநிற இலையில் அதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏற்கெனவே நிறம் கலந்திருக்கிறதே. ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நல்ல இலையில் வெள்ளையும் பச்சையும் சந்திக்கும் கோடு இலையின் நீளவாக்கில் தெளிவாக ஓடும். நோயுற்ற இலையில் ஒரு நிறம் நரம்புகளின் வழியே மை ஊறியதுபோல் மற்ற நிறத்துக்குள் கசிந்திருக்கும். அந்த இடம் சில சமயம் சுருங்கி, தடவினால் மேடுபள்ளமாகத் தெரியும். சந்தேகம் வந்தால் அந்தச் செடியை மட்டுமல்ல, அதே தட்டிலிருக்கும் மற்றவற்றையும் வாங்காதீர்கள். அறிகுறி வெளிப்படச் சில ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால் பெயருள்ள நல்ல நர்சரியில் வாங்குவதே பாதுகாப்பு.

இரண்டாவது, குருத்துகளின் எண்ணிக்கை. சாடிக்குள் குறைந்தது மூன்று தனித்தனிக் குருத்துகள் இருக்கட்டும். மூன்றாவது, பெயர்ச் சீட்டு. நான் வாங்கிய ஒரு செடியின் சீட்டில் இருந்த பெயருக்கும் அடுத்த ஆண்டு விரிந்த இலைக்கும் சம்பந்தமே இல்லை. கடையில் கேட்டபோது பற்றுச்சீட்டையும் பெயர்ச் சீட்டையும் சேர்த்துக் கேட்டார்கள். ஆகவே வாங்கிய அன்றே இரண்டையும் படமெடுத்து வையுங்கள். பல்லாண்டுச் செடிகளுக்கு ஓராண்டு உத்தரவாதம் தரும் கடைகள் உண்டு, ஆனால் விதி கடைக்குக் கடை வேறு. கழிவு விலையில் விற்றதற்குப் பெரும்பாலும் கிடையாது. பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

வசந்தத்தில் பெரிய கடைகளில் படம் போட்ட பையில் வெறும் கிழங்காக விற்பதை, சிறிய வகைகளைப் பொறுத்தவரை, தொடவே வேண்டாம். பைக்குள் காய்ந்ததா அழுகியதா என்று தெரியாது. இலையைப் பார்த்து வாங்கவும் வழியில்லை.

4. என்ன செலவாகும்

கடைக்குக் கடை மாறும், ஆனாலும் ஒரு மதிப்புக்கு: சாடியில் வளர்ந்த சிறிய இருநிற ஹோஸ்டா சுமார் 12 முதல் 25 டொலர், புதிதாக வந்த வகைகள் அதற்கும் மேலே. கூட்டெரு ஒரு பை 7 டொலர் அளவில், பொடித்த மரப்பட்டை ஒரு பை அதே அளவில், நத்தைக்கு இரும்பு பாஸ்பேட் குருணை 15 டொலர் அளவில். செடி 18 டொலர் என்று வைத்தால் மொத்தம் 47. 13 வீத வரியோடு 53 டொலர் வரும். பையும் குருணையும் பல செடிகளுக்குக் காணும், ஆகவே இரண்டாவது செடிக்கு இதில் பாதிகூட ஆகாது. இலையுதிர் காலத்தில் விழும் மேப்பிள் இலைகளை ஒரு மூலையில் குவித்து ஓராண்டு உக்கவிட்டால் எருவுக்கும் காசு வேண்டாம்.

எலும்புத்தூள் உரம் வாங்காதீர்கள். அந்த வாசனைக்கு ரக்கூனும் ஸ்கங்கும் இரவில் வந்து செடியோடு தோண்டிப் போட்டுவிடும்.

5. எப்போது நடுவது

விக்டோரியா நாள் விடுமுறை, அதாவது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை, இங்கே தோட்டக்காரர்களின் கணக்கு. அதற்குள் உறைபனி ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும். அதிலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை நடலாம். ஜூலை வெப்பத்தில் நடாதீர்கள். அந்த நேரத்தில் வாங்கிவிட்டால் சாடியோடு நிழலில் வைத்து நீர் ஊற்றிக் காப்பாற்றுங்கள். இரண்டாவது வாய்ப்பு ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை.

செப்டம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் கடைகள் பாதி விலைக்குத் தள்ளிவிடும். பெரிய ஹோஸ்டாவாக இருந்தால் வாங்கி நடலாம், பிழைக்கும். குட்டிச் செடிக்கு, நிலம் உறையுமுன் வேர் பிடிக்கக் குறைந்தது ஆறு வாரமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே செடி மண்ணிலிருந்து பிதுங்கி வெளியே வந்துவிடும்.

6. நடும் நாள்

மேகமூட்டமான நாளின் மாலை நல்லது. முதல் நாளே சாடிக்கு நன்றாக நீர் ஊற்றுங்கள்.

செடியைச் சாடியிலிருந்து கழற்றியதும் அப்படியே குழிக்குள் இறக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அங்கேதான் சிக்கல். சாடிக்குள் இருப்பது பெரும்பாலும் பீட் கலவை, அதாவது சதுப்பு நிலத்தில் உக்கிய பாசி. ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் அது நீரை உறிஞ்சாது. சுற்றிலும் களிமண் ஈரமாக இருக்கும், நடுவில் வேர் மட்டும் காய்ந்து கிடக்கும். ஆகவே வேர்க்கட்டியை ஒரு வாளி நீரில் ஊறவைத்து, கலவையை விரலால் மெதுவாகக் கழுவி எடுங்கள். வெள்ளையான, நூடில்ஸ் தடிப்பில் உள்ள வேர்கள் வெளியே தெரியும். பழுப்பாகக் குழைந்தவற்றைக் கிள்ளி எறியுங்கள்.

குழி ஆழத்தைவிட அகலம் முக்கியம்: அகலம் 40 சென்ரிமீற்றர், ஆழம் 20 சென்ரிமீற்றர். இந்தப் பகுதியில் பெரும்பாலும் களிமண்; தோண்டிய மண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூட்டெருவும் பொடித்த மரப்பட்டையும் கலந்து, தரை மட்டத்திலிருந்து நான்கு விரல் உயர்த்தி மேடாக நடுங்கள். குட்டி ஹோஸ்டாவுக்கு இந்த மேடு உயிர்காப்பு. குளிரைவிடக் குளிர்காலத்து ஈரமே இதைக் கொல்கிறது. குழியின் நடுவில் சிறு கும்பம்போல் மண் குவித்து, வேர்களைச் சுற்றிலும் விரித்து வைத்து மூடுங்கள். தண்டின் வெளிறிய அடிப்பகுதி பச்சையாக மாறும் கோடு மண்மட்டத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே புதைத்தால் அழுகும்.

மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கு இரண்டு சென்ரிமீற்றர் போதும். குருத்தைச் சுற்றி நான்கு விரல் இடத்தை வெறுமையாக விடுங்கள். பெரிய ஹோஸ்டாவுக்கு அருகில் நடாதீர்கள்; ஜூனில் அதன் இலை விரிந்து இதை மூடிவிடும். பக்கத்துச் செடிக்கு 30 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள்.

நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் கவனிக்க: ஹோஸ்டா இலை அவற்றுக்கு நஞ்சு, தின்றால் வாந்தி, வயிற்றோட்டம் வரும்.

7. முதல் கோடை

வாரத்துக்கு இரண்டரை சென்ரிமீற்றர் மழை அளவுக்கு நீர் வேண்டும். காலையில், இலையில் படாமல், அடியில் ஊற்றுங்கள். மாலையில் நனைத்தால் இரவு நத்தைகளுக்கு விருந்து. முதல் ஆண்டு உரம் வேண்டாம், எருவே போதும். அடுத்த ஆண்டிலிருந்து வசந்தத்தில் ஒருமுறை மெதுவாகக் கரையும் உரம் கொஞ்சம் போடலாம். ஜூலை நடுப்பகுதிக்குப் பின் எதுவும் போடாதீர்கள்.

ஓடுள்ள நத்தை, ஓடில்லாத நத்தை இரண்டுமே வரும். இலையின் நடுவில் வழவழப்பான விளிம்போடு ஓட்டையும் வெள்ளிக் கோடும் இருந்தால் அவைதான். பெரிய ஹோஸ்டாவில் நாலு ஓட்டை விழுந்தால் தெரியாது. இதில் ஓர் இரவில் பாதிச் செடி போய்விடும். ஊரில் செய்வதுபோல் உப்பைத் தூவாதீர்கள், மண்ணும் வேரும் கெடும். முட்டை ஓடு, செப்புப் பட்டி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018இல் வெளியிட்ட சோதனை முடிவில் இவ்விரண்டும் பயன் தரவில்லை. இரும்பு பாஸ்பேட் குருணையை வசந்தத்தில் குருத்து மண்ணைப் பிளக்கும்போதே, பொதியில் சொன்ன அளவில் தூவுங்கள். இலை விரிந்த பின் தூவினால் அந்த ஓட்டைகளை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், ஏனெனில் இது மீண்டும் மீண்டும் இலை விடும் செடியல்ல. முயல்களுக்குக் கோழிவலையை முழங்கால் உயரத்துக்கு வட்டமாகச் சுற்றி வையுங்கள்.

ஒரு குருத்து மட்டும் முழுப் பச்சையாக வந்தால் மகிழாதீர்கள். அதில் பச்சையம் அதிகம் என்பதால் வேகமாக வளர்ந்து, இருநிறக் குருத்துகளை நெருக்கி அழித்துவிடும். இலையை மட்டும் கிள்ளினால் மீண்டும் வரும். மண்ணை விலக்கி, அந்தக் குருத்தை அதன் அடிவேரோடு வெட்டி எடுங்கள். வேறிடத்தில் நட்டால் நல்ல பச்சை ஹோஸ்டாவாக வளரும்.

8. குளிர்காலம்

கறிவேப்பிலைச் செடியை ஒக்டோபரில் வீட்டுக்குள் எடுத்துப் பழகியவர்களுக்கு இதையும் உள்ளே எடுக்கக் கை பரபரக்கும். கூடாது. ஹோஸ்டாவுக்கு உறக்கம் வேண்டும்; வாரக்கணக்கில் 5 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒழுங்காகக் குருத்து விடாது. இதே காரணத்தால்தான் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோனாலும் நிலைக்காது.

உறைபனியில் இலைகள் மஞ்சளாகிச் சரிந்ததும் வெட்டி அகற்றுங்கள். அவற்றின் அடியில்தான் நத்தை முட்டைகள் இருக்கும். செடி இருந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

மூடாக்கைப் போடும் நேரத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நவம்பர் தொடக்கத்திலேயே கனமாகப் போர்த்தினால் எலி குடியேறும், குருத்தும் அழுகும். நிலம் உறைந்த பிறகு, டிசம்பர் வாக்கில், பைன் கிளைகளையோ உதிர்ந்த இலைகளையோ தளர்வாகப் போடுங்கள். செடியைச் சூடாக வைப்பதற்கல்ல, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பதற்காக. மார்ச்சில் பகலில் இளகி இரவில் உறையும்போது மண் பொங்கி, ஆழமில்லாத வேர்களை வெளியே தள்ளும். அந்த மாதத்தில் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். வேர் வெளியே தெரிந்தால் கையால் மெல்ல அழுத்தி, ஒரு பிடி மண் போட்டு மூடுங்கள்.

சாடியில் இருப்பதைச் சூடாக்காத கராஜில் வையுங்கள். மாதம் ஒரு குவளை நீர் போதும். கராஜ் இல்லையென்றால் சாடியைச் சுவரோரம் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள், உருகும் பனிநீர் உள்ளே தேங்காது.

ஏப்ரலில் ஒன்றும் தெரியவில்லையே என்று தோண்டிப் பார்க்காதீர்கள். இது தாமதமாக எழும் செடி. குட்டி வகைகள் சில மே நடுப்பகுதிவரைகூட இழுக்கும். குருத்து வந்த பின் உறைபனி எச்சரிக்கை இருந்தால் இரவில் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி, காலையில் எடுத்துவிடுங்கள்.

9. பிரிப்பது

நான்கைந்து ஆண்டுகள் கழித்து, குருத்துகள் பத்தைத் தாண்டிய பின் பிரிக்கலாம். அதற்குமுன் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஓகஸ்ட் கடைசி நல்ல நேரம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று குருத்தாவது இருக்கட்டும். ஒரு செடியை வெட்டிய கத்தியால் நேரே அடுத்ததை வெட்டாதீர்கள். சாற்றை நன்றாகத் துடைத்துக் கழுவி, கிருமிநாசினியில் முக்கி எடுத்த பின்பே அடுத்தது. வைரஸ் அறிகுறி கண்ட செடியை வேரோடு எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், எருக்குவியலில் அல்ல. அந்த இடத்தில் எஞ்சிய வேர்கள் முற்றாக உக்கிப் போகும்வரை வேறு ஹோஸ்டா நடாதீர்கள். அதுவரை ஃபெர்ன் வைக்கலாம், இந்த நோய் அதைத் தொடாது.